தேவையைக் கடலில் வைத்துப் பரீட்சிக்க வேண்டும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியை வாசித்து நாம் ஆறுதல் அடைகிறோமே, அந்தக் கூண்டு எவன் கண்ணில் அவசியம் படவேண்டுமோ, அவன் அந்நேரம் கரை மறைந்து காததூரம் போயிருப்பான் என்பதை 2017 நவம்பர் 30ஆம் தேதி வலுப்பெற்ற ஒக்கிப் புயல் கொடூரமாக நிரூபித்தது. அதற்கு முன்பே தங்குகடல் தொழிலுக்குச் சென்றுவிட்ட குமரி மீனவர்களைக் கைப்பேசி அலை எட்டவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பின், ஹைதராபாத்தின் கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸும் இந்திய விமான நிலைய ஆணையமும் 2019 அக்டோபரில் வெளியிட்ட ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெற்று மீனவனுடைய கைப்பேசிச் செயலியில் சேர்ப்பித்தது. கரையின் செய்தி கடலுக்குப் போகவேண்டும் என்பதே எழுதப்பட்ட தேவையானால், அதில் குற்றங்காண இடமில்லை. ஆனால் அது ஒருவழிக் கருவி. படகில் தண்ணீர் ஏறுகிறது என்று கரைக்குச் சொல்ல அதில் மார்க்கம் கிடையாது. எழுதிய தேவையை மென்பொருள் நிறைவேற்றுகிறதா என்பது ஒரு பரீட்சை. எழுதியதுதான் உபயோகிப்பவனுடைய தேவையா என்பது அதற்கு முன்பே நடக்கவேண்டிய வேறொரு பரீட்சை.

தூத்துக்குடியை ஒட்டிய மன்னார் வளைகுடாவில், கடைசியாக 1961இல் நடந்த முத்துக்குளிப்பு வரையில், கல்லைத் துணைகொண்டு கடலடித் திட்டான பார்மீது இறங்கியவன் மூச்சு முட்டியதும் கயிற்றைச் சுண்டுவான். தோணியில் கயிறு பிடித்திருப்பவன் அக்கணமே இழுத்துவிடுவான். (கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நம்புவார்கள் என்று இப்பக்கத்தில் சொல்வதுண்டு, தங்கையின் தாலியல்லவா!) தோணியில் உட்கார்ந்தபடி கயிற்றின் நீளத்தையும் பருமனையும் மட்டும் குறித்துக்கொள்கிற அதிகாரிக்கு அந்தச் சுண்டல் ஞாபகத்துக்கு வராது, அவர் ஒருபோதும் மூச்சடக்கி இறங்கியதில்லை.

இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அபாயச் செய்தி அனுப்பவும், கடல் எல்லை நெருங்கும்போது எச்சரிக்கவும் வல்ல அந்தக் கருவி வரவேற்கத்தக்கதே. எனினும், படகு நிற்கும் இடத்தைக் கரைக்கு அறிவிப்பதும் அதுதான். நல்ல மீன்பாடுள்ள பாரைக் கண்டுகொண்டவன் அந்த இடத்தைப் பக்கத்துப் படகுக்காரனுக்கே சொல்ல விரும்பமாட்டான். அந்தத் தகவலை யார் பார்ப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்ற கேள்விக்கு அவனுக்குத் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், கருவி அணைந்தே கிடக்கும்.

ஆகவே குளிர்சாதன அறையில் படகு முதலாளிகளையும் சங்கப் பிரமுகர்களையும் கூட்டிவைத்து அபிப்பிராயம் கேட்பது போதாது. தெரேஸ்புரத்திலோ தருவைகுளத்திலோ இரவில் புறப்படும் ஒரு படகில் ஏறி, எஞ்சின் இரைச்சலுக்கும் உப்புத் தெறிப்புக்கும் நடுவே, வலை இழுத்து மீன்வழுவழுப்பு படிந்த விரலால் அந்த அபாயப் பொத்தானை ஒரு தொழிலாளி அழுத்த முடிகிறதா, தெரியாமல் கைபட்டும் அது அழுந்திவிடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஆழத்தைப் பாகத்திலும் காற்றைக் கச்சான், வாடை, கொண்டல் என்றும் அறிந்தவனுக்குத் திரையில் வரும் மீட்டரும் திசைக்குறியும் சட்டென்று விளங்குகின்றனவா என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம். தேவைப் பட்டியல் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டி, அவர்கள் ‘இது வேண்டாம்’ என்று தள்ளியவற்றையும் எழுதிக் கோப்பில் சேர்த்த பிறகே, இத்தகைய கருவியைச் செய்யும் ஒப்பந்தக்காரருக்கு முதல் தவணையை மீன்வள இலாகா விடுவிக்க வேண்டும்.