நாமும் சாத்திய கதவு

உசிலம்பட்டிப் பக்கத்துச் சேரியிலிருந்து மதுரைக்குப் படிக்க வந்த பார்வையற்ற தம்பி சொன்னான்: "அண்ணே, ஒங்க பத்திரிகைய அனுப்புனீங்க. கம்ப்யூட்டர் வாசிச்சா ஒண்ணும் வெளங்கலண்ணே." சுருக்கென்றது.

அவன் கேட்டுப் படிப்பது என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளில். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது. அவரைப்போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே கூட நின்று வளர்த்தது. காசு வேண்டாம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. தமிழும் வாசிக்கும்.

குத்தம் நம்ம மேல. பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்தோம். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. குளத்துல எறங்காதேன்னவனைக் கேள்வி கேட்ட நாமே ஒருத்தனை வாசல்ல நிறுத்திட்டோம்.

அடுத்த இதழ் யுனிகோடில் வரும். பழைய இதழ்களையும் மாத்தணும்; மாணவத் தோழர்களே, வாங்க. இரக்கப்பட்டு இல்ல, அவனுக்கு நாம பட்ட கடன்.