சிவப்புக் கயிறு

ஹூஸ்டனில் இருக்கிற மச்சினன் செகண்ட்ஹாண்டில் ஒரு 'பாஸ் போட்' வாங்கியிருந்தான். இந்த 'பாஸ்' நம்மை ஆபீஸில் வறுத்தெடுப்பவர் இல்லை சார், ஒரு மீன். அதைப் பிடிக்க 20 அடிப் படகு, பின்னால் 250 குதிரைசக்தி மோட்டார். நம்ம பழைய மாருதி 800-க்கே 37 குதிரைதான்!

"மார்க்கெட்ல கிலோ என்னடா விலை?" என்றேன்.

"பிடிச்சுட்டு திரும்பத் தண்ணியிலயே விட்டுடுவேன் மாமா."

பி.காம். படித்த மூளைக்கு இந்தக் கணக்கு டேலி ஆகவே இல்லை.

ஹூஸ்டனுக்கு வடக்கே கான்ரோ ஏரி. 1973-ல் அணை கட்டித் தேக்கியது. படகை இறக்கி, சாவியைத் திருகினான். மோட்டார் 'கிர்... கிர்...' என்று சுற்றியதே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் இருக்கு. கியர் நியூட்ரல்ல இருக்கு. பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பல்பைக் கல் மாதிரி இறுகும்வரை அமுக்கியாச்சு. ம்ஹூம்! பின்னால் நாலு படகு க்யூவில்.

தொப்பி போட்ட ஒரு தாத்தா எட்டிப் பார்த்தார். கீழே கிடந்த சிவப்புச் சுருள் கயிற்றை எடுத்தார். ஒரு முனையை ஸ்விட்சில் மாட்டினார். மறுமுனையை மச்சினனின் லைஃப் ஜாக்கெட்டில் கோத்தார். சாவியைத் திருகினால்... உறுமியது பாருங்கள்!

"தாலி மாதிரி இது வேற, இடைஞ்சல்" என்று முணுமுணுத்தான் மச்சினன்.

வேகம் ஏற ஏற, படகின் பெரும்பகுதி தண்ணீரை விட்டு எழும்பிவிட்டது. 60 மைலில் இடமும் வலமுமாகத் தொட்டில் மாதிரி ஆட்டம்! இதற்குப் பேர் 'சைன் வாக்'. ஆரம்பத்திலேயே ஸ்டியரிங்கை இம்மி இம்மியாகத் திருப்பி அடக்கணும். முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்கணும். இவன் பயந்துபோய்ப் பாதியாகக் குறைத்தான். 'அப்பாடா' என்பதற்குள், வேறொரு படகு கிளப்பிவிட்ட அலை குறுக்கே வந்து மோதியது.

பிடியை விடாமல் திரும்பிப் பார்க்கிறேன். டிரைவர் சீட் காலி!

எனக்கோ ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஆனால் மோட்டார் தானாகவே நின்றுவிட்டது. விழுந்தவன் கயிற்றையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான்.

அது நிற்காமல் இருந்திருந்தால்? ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவன் மேலேயே ப்ரொப்பல்லரோடு திரும்பி வரலாமாம். அதனால்தான் அமெரிக்காவில், 26 அடிக்குக் குறைந்த இந்த மாதிரிப் படகுகளை வேகமாக ஓட்டும்போது கயிறு கட்டாயம் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். முட்டாள்கள் தினத்தில் அமலுக்கு வந்த புத்திசாலிச் சட்டம்!

இருபதடி தள்ளி, லைஃப் ஜாக்கெட் புண்ணியத்தில் ஒரு தலை மிதந்தது. தண்ணீரைத் துப்பிவிட்டு அது சொன்ன முதல் வார்த்தை:

"மாமா... அக்காகிட்ட சொல்லிடாதீங்க!"

சொல்லவில்லை. இந்த வாரம் மட்டும் என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிக்காமல் இருக்கணும்.