டின் மீனில் மீன் எவ்வளவு?

கொழும்பில் இன்னும் பலர் 'சமன் டின்' என்றுதான் கேட்டு வாங்குறம். உள்ளே சமன் மீன் கிடையாது. இருப்பது பெரும்பாலும் மெக்கரல், ஜாக் மெக்கரல், இல்லாட்டி இங்கேயே அடைத்த சூரை. பேரே இப்படியென்றால் எடையையும் கொஞ்சம் பார்த்துத்தான் வாங்க வேணும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்து, படிச்சுக்கொண்டோ வேலைக்குப் போய்க்கொண்டோ இருக்கிற எங்கட வயசுக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பிறகு ஏற்றத்தின் வேகம் குறைந்தது. விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பச்சை மீன் வாங்கிச் சுத்தம் செய்ய நேரமோ ஃப்ரிட்ஜோ இல்லாதவருக்கு இரவுச் சாப்பாட்டுப் புரதம் இந்த டின்தான்.

பெரிய டின்னில் 425 கிராம் என்று போட்டிருக்கும். அது மீனும் தண்ணியும் சேர்ந்த கணக்கு. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற 'வடித்த எடை'தான் மீன். உதாரணத்துக்கு, 500 ரூபாய் டின்னில் 280 கிராம் மீன், 450 ரூபாய் டின்னில் 220 கிராம் மீன் என்று வைப்போம். முதலாவதில் 100 கிராம் மீன் ஏறத்தாழ 179 ரூபாய்; இரண்டாவதில் 205 ரூபாய். மலிவு என்று எடுத்த டின்தான் விலை கூட.

அடுத்த கேள்வி, தக்காளி சோஸில் போட்டதா, உப்புத் தண்ணியில் போட்டதா? எங்கட வாக்கு உப்புத் தண்ணிக்கு. சோஸ் டின் பாணோடு அப்படியே சாப்பிட நல்லது. ஆனால் கறிக்கு அதன் இனிப்பும் புளிப்பும் முந்திக்கொண்டு நிற்கும். தூளின் ருசி எடுபடாது. தக்காளி வேணுமென்றால் சந்தையில் இரண்டு பழம் வாங்கி வெங்காயத்தோடு வதக்கலாம். டின் தண்ணியை ஊத்த வேண்டாம், கறிக்குள்ளேயே விடுங்கோ. உப்பை மட்டும் கடைசியில் பார்த்துப் போடுங்கோ.

மீன் வகையைப் பொறுத்தவரை, குழம்புக்கு மெக்கரல்: எண்ணெய்ப்பிடிப்பு இருக்கும், முள்ளும் மெத்தென்று வெந்திருக்கும். அந்த முள்ளை எறியாதீங்கோ, கல்சியம் அதில்தான். கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் சூரை: வறண்ட சதை, உதிர்த்தால் உருண்டை பிடிக்கும். உப்பின, நசுங்கின, துருப்பிடிச்ச டின்னை எந்தக் கழிவு விலைக்கும் எடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் வாங்குறவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. காலி வீதி சுப்பர்மார்க்கெட்டாக இருந்தாலும் ஒழுங்கைக்குள்ள இருக்கிற கடையாக இருந்தாலும், விலைச்சீட்டில் 100 கிராம் மீனுக்கு எவ்வளவு என்று எழுதட்டும். டின்னிலும் வடித்த எடையைத் தமிழில், கண்ணுக்குத் தெரியிற அளவில் போடட்டும். அதுவரைக்கும் கடையில் டின்னைத் திருப்பிப் பாருங்கோ. கைபேசியில் கணக்குப் போட அரை நிமிஷம்தான்.