சனிக்கிழமை வீடு திரும்பும் சீருடை

ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தாயொருத்தி, சீருடை அணிந்து நிற்கும் தன் மகனைக் கண்டு பெருமிதம் கொள்ளலாமா? சுவிற்சர்லாந்தின் தமிழ் இல்லங்களில் இது இன்று ஏட்டளவிலான வினா அன்று. 1983 யூலைப் படுகொலைகளின் பின்னர் அங்கு தஞ்சம் புகுந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டின் குடிமக்கள். குடியுரிமை பெற்ற ஆண் ஒவ்வொருவனுக்கும் படைச்சேவை கடமையென அந்நாட்டு அரசியலமைப்பின் 59ஆம் உறுப்புரை விதிக்கின்றது. ஆகவே தமிழ்ப் பெயர் பொறித்த அழைப்புக் கடிதங்கள் தமிழ் வீடுகளின் அஞ்சற்பெட்டிகளிலும் விழுகின்றன. தமிழ் இளைஞர்களும் படைப்பயிற்சிப் பள்ளிக்குச் செல்கின்றனர். பயிற்சியை முடித்துப் படைவீரராகத் திரும்புகின்றனர்.

அப்பயிற்சிக் காலத்தில் பெற்றோருக்கென ஒரு நாள் ஒதுக்கப்படுகின்றது. கற்றுக்கொண்டதை இளைஞர்கள் செய்துகாட்ட, குடும்பத்தினர் பாசறை முற்றத்தில் நின்று பார்க்கின்றனர். அங்கு வரும் தமிழ்த் தாய்க்குப் படைப்பிரிவின் பெயரும் தெரியாது. தோளிலுள்ள பட்டியின் பொருளும் தெரியாது. மகன் அணிவகுப்பிலிருந்து விடுபட்டு அருகில் வந்ததும் அவள் கேட்பது, "சாப்பாடு ஒழுங்காய்த் தாறாங்களோ, தம்பி?" என்பதுதான். ஆனால் அவளுடைய கண்கள் நனைந்திருக்கின்றன. அந்தக் கண்ணீரின் பொருளைத்தான் தமிழ்ச் சமூகம் இருவேறு வகைகளில் பிழையாகப் படிக்கின்றது.

முதலாவது பிழை கோயில் வீதிகளிலும் திருமண மண்டபங்களிலும் முணுமுணுப்பாகக் கேட்கின்றது. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இப்ப பிள்ளையின்ர கையில துவக்கைக் குடுத்திட்டுப் பக்கத்தில நிண்டு படம் எடுக்குது" என்பது அந்த ஏளனம். இரண்டாவது பிழை மேடைகளிலிருந்து முழங்குகின்றது. தமிழ் இளைஞன் சீருடை அணிந்துவிட்டான் என்றதும், மகனைப் போருக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாயை அழைத்து வந்து நிறுத்துவது அவர்களின் வழக்கம். இவ்விரு சாராரும் அந்தத் தாயை அறியாதவர்கள்.

முதலில் ஏளனம் செய்வோருக்கு. ஈழத்துத் தாய்மார் தப்பியோடியது இரும்பாலும் மரத்தாலும் ஆன ஒரு கருவியிடமிருந்து அன்று. எவருக்கும் பதில் சொல்லத் தேவையற்ற துப்பாக்கியிடமிருந்தே அவர்கள் தப்பியோடினர். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், கைதுசெய்தவனை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கும் தாயின் உரிமையைப் பறித்தது. சோதனைச்சாவடியில் பேருந்திலிருந்து இறக்கப்பட்ட மகன் மீண்டும் ஏறுவானா என்பதை, அங்கு நின்ற படையினனின் மனநிலையே தீர்மானித்தது. தம் கையாலேயே படையினரிடம் பிள்ளைகளை ஒப்படைத்த தாய்மார் 2009 மே மாதத்திலிருந்து பதிலுக்காகக் காத்திருக்கின்றனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் தொடங்கிய அவர்களின் போராட்டம் ஆண்டுகள் பலவாகத் தொடர்ந்தது. பிள்ளையின் ஒளிப்படத்தை மார்போடு அணைத்தவாறே அவர்களிற் பலர் இறந்தும் போயினர். 2016இல் சட்டம் இயற்றி 2018இல் ஆணையாளர்களை நியமித்த காணாமற்போனோர் அலுவலகம் அவர்களின் கேள்விக்கு விடை தரவில்லை.

இதைச் சொல்பவர்கள் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். வன்னியில், போரின் இறுதி ஆண்டுகளில், வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டளையுடன் வந்தவர்கள் தமிழ் பேசியவர்களே. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டதை ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் பதிவு செய்தது. மகனைப் பதுங்குகுழியில் மறைத்த தாய்மாரும், மகளுக்கு வயதுக்கு முன்பே தாலி கட்டிவைத்த தாய்மாரும் அங்கு இருந்தனர். கிழக்கில் 2006இல் கருணா குழுவினர் சிறுவர்களைக் கடத்தியபோது அரச படைகள் பார்த்துக்கொண்டிருந்தன. எந்தக் கொடியின் கீழ் நடந்தது என்பதைக் கொண்டு ஒரு தாயின் அலறலுக்கு மதிப்பிடுவது அறமாகாது. அவளிடம் எவரும் கேட்கவில்லை. எவரும் பதில் சொல்லவுமில்லை. அவள் அஞ்சியது இதற்குத்தான்.

இனிச் சுவிஸ் நாட்டின் முறையை நோக்குக. அழைப்பு, பிள்ளை பதினெட்டு வயதை எட்டும்போதே வருகின்றது. இரண்டு மூன்று நாட்கள் உடலும் உள்ளமும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே தகுதி முடிவாகின்றது. 2018இலிருந்து பெரும்பாலான பிரிவுகளில் பயிற்சிப் பள்ளியின் காலம் 18 கிழமைகள். சாதாரணப் படைவீரன் ஆற்ற வேண்டிய மொத்தச் சேவை 245 நாட்கள். எஞ்சிய நாட்களை அவன் ஆண்டுதோறும் மூன்று கிழமைப் பயிற்சிகளாக, தன் தொழிலிலிருந்தே சென்று நிறைவேற்றுகின்றான். அந்நாட்களின் வருமான இழப்புக்கு ஈடு வழங்கும் ஏற்பாடு 1940ஆம் ஆண்டிலிருந்தே அந்நாட்டில் உண்டு. பெரும்பாலான வார இறுதிகளில் பயிற்சியாளன் வீடு திரும்புகின்றான். சனிக்கிழமைகளில் சுவிஸ் தொடருந்துகள் சீருடை இளைஞர்களால் நிறைந்திருப்பது இதனாலேயே. அழுக்குத் துணி நிறைந்த பையைத் தாயின் முன் போட்டுவிட்டு, சோறும் மீன்குழம்பும் உண்டு, நண்பகல்வரை உறங்கும் படைவீரனை ஈழத்துத் தாய் எங்கே கண்டிருக்கிறாள்?

மறுக்கவும் அங்கு வழியுண்டு. துப்பாக்கி ஏந்த மனச்சாட்சி இடங்கொடாதவன், ஒன்றரை மடங்கு நாட்களுக்கு முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ குடிமைச் சேவை ஆற்றும் உரிமை 1996இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் மறுத்தவர்கள் சிறைக்குச் சென்றனர். அவர்கள் சிறை சென்றதனாலேயே சட்டம் மாறியது. சேவை ஆற்றாதவன் வரி செலுத்த வேண்டும் என்ற விதியை எதிர்த்து, சேவை செய்ய விரும்பியும் நீரிழிவு நோயால் விலக்கப்பட்ட இளைஞர் ஒருவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை சென்று 2009 ஏப்ரலில் வென்றார். கட்டாயச் சேவை வேண்டுமா வேண்டாமா என்பதே 2013 செப்ரெம்பரில் மக்களிடம் வாக்குக்கு விடப்பட்டது; நூற்றுக்கு 73 பேர் வேண்டும் என்றனர். விளைவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் தன் பிள்ளையை அழைக்கும் சட்டத்தின் மீது வாக்களிக்கும் உரிமை குடியுரிமை பெற்ற தமிழ்த் தாய்க்கும் இருந்தது என்பதை மறுத்தல் இயலாது.

அங்கும் பிள்ளைகள் இறந்ததுண்டு. 2007 யூலையில் யுங்பிராவ் மலைச்சரிவில் பனிச்சரிவு ஏற்பட்டுப் பயிற்சியிலிருந்த ஆறு இளம் படையினர் மாண்டனர். 2008 யூனில் காண்டர் ஆற்றில் ஐந்து படையினர் மூழ்கினர். யுங்பிராவில் வழிநடத்திய மலை வழிகாட்டிகள் இருவரைப் படைத்துறை நீதிமன்றம் 2009இல் விடுதலை செய்தது. அத்தீர்ப்பில் எல்லாத் தாய்மாரும் ஆறுதல் அடைந்திருக்க முடியாது. ஆயினும் பிள்ளைகளின் உடல்கள் வீடு வந்தன. பொறுப்பிலிருந்தவர்கள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு மன்றில் நின்றனர். இறந்த மகனைப் பற்றிக் கேள்வி கேட்டமைக்காக எந்தத் தாயின் வீட்டுக்கும் இரவில் எவரும் வரவில்லை. கிளிநொச்சித் தாய் இந்த அளவைக்கூடக் காணவில்லை.

மொழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு தேசிய மொழிகளைக் கொண்ட அந்நாட்டின் படையில் ஜேர்மன் மொழியினனும் பிரெஞ்சு மொழியினனும் இத்தாலிய மொழியினனும் தத்தம் மொழியிலேயே பயிற்சி பெறுகின்றனர். அந்நாடும் ஒருகாலத்தில் தனக்குள் போரிட்டதே. 1847 நவம்பரில் சுவிஸ் மாநிலங்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் படை நடத்தின. மறு ஆண்டே, 1848இல், தோற்றவர்களையும் உள்ளடக்கிய கூட்டாட்சி அரசியலமைப்பை அவர்கள் எழுதினர். அப்போரில் வென்ற தளபதி டுஃபூர், காயமடைந்த எதிரியையும் காக்குமாறு தன் படைக்குக் கட்டளையிட்டவர். 1863இல் செஞ்சிலுவை இயக்கத்தைத் தொடங்கிய ஐவரில் ஒருவர். இலங்கையோ 1956இல் ஒரு மொழியை மட்டும் ஆட்சிமொழியாக்கி, பெரும்பாலும் ஒரே இனத்தாரைக் கொண்ட படையை வளர்த்து, 2009இல் போர் முடிந்த பின்னரும் கூட்டாட்சி என்ற சொல்லுக்கே அஞ்சியது. இரண்டு சீருடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு துணியின் நிறத்தில் இல்லை.

இனி மேடையில் முழங்குவோருக்கு. புறநானூற்றுத் தாய் புலவரின் படைப்பு. மன்னர்கள் ஒருவரோடொருவர் பொருத காலத்தில், அம்மன்னர்களின் போர்களுக்கு ஒரு தாயின் வாய்ச்சொல் தேவைப்பட்டது. அந்தப் பாடலின் அழகில் ஐயமில்லை. ஆனால் அதை எடுத்துக்காட்டி அயலார் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பச் சொன்னவர்களிற் பலர், தம் பிள்ளைகளை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாதுகாப்பாகச் சேர்த்திருந்தனர் என்பதைப் புலம்பெயர் சமூகம் மறந்துவிடவில்லை. பாசறை முற்றத்தில் நிற்கும் தாய், மகன் மார்பில் புண்பட்டு மடிவதை எண்ணிப் பெருமைப்படவில்லை. அவன் உயிரோடு சனிக்கிழமை வருவான் என்பதை அறிந்தே பெருமைப்படுகின்றாள். இதில் வீரம் குறைந்ததெனக் கருதுபவர் தம் பிள்ளையின் பெயரை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசுவதே முறை.

அவ்வாறாயின் அவளுடைய பெருமிதம் எதைப் பற்றியது? அகதி விண்ணப்பத்துக்கு விடை வரும்வரை ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் நெருப்புடன் வாழ்ந்தவள் அவள். உணவகத்துச் சமையலறையில் தட்டுக் கழுவியும், மருத்துவமனைத் தளங்களைத் துடைத்தும் தலைநிமிர்ந்தது அக்குடும்பம். 2017 முடியும்வரை அங்கு குடியுரிமை கோரப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். 2018இலிருந்து பத்து ஆண்டுகள். அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் பிறப்பால் அவ்வுரிமை கிடையாது. ஊராட்சியின் முன் அமர்ந்து, வினாக்களுக்கு விடை சொல்லி, கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமை அது. அத்தகைய குடும்பத்தின் மகனை அதே அரசு இன்று சமமானவனாக அழைக்கின்றது. அரசின் துப்பாக்கியை நம்பி அவன் கையில் தருகின்றது. சீருடை கண்டால் மகனை ஒளித்த ஒரு பரம்பரையின் பெண், தன் மகன் அணிந்த சீருடைக்கு அஞ்சாமல் பொத்தான் தைத்துக் கொடுக்கின்றாள். அச்சம் நீங்கியதன் கண்ணீரே அவளுடையது.

எனினும் இப்பெருமிதம் பிறர்மீது சுமையாகிவிடக் கூடாது. குடிமைச் சேவையைத் தேர்ந்து முதியவர்களைக் குளிப்பாட்டும் மகனின் தாய், "உங்கட மகன் ஆமிக்குப் போகேல்லையோ?" என்ற கேள்விக்கு முன் தலைகுனிய வேண்டியதில்லை. உடல்நிலையால் விலக்கப்பட்டவனும் குறைந்தவன் அல்லன். பெண்பிள்ளைகளுக்கு நோர்வேயில் 2015 முதல் சட்டப்படி இதே கடமை உண்டு. அங்கு மகளின் சீருடை கண்டு ஊர் வாய்க்கு அஞ்சும் பெற்றோர் அவ்வச்சத்தை விட்டொழிக்க வேண்டும். பயிற்சி முடித்த மகன் வீட்டுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவருவானாயின், அது சுவரில் மாட்டி உறவினருக்குக் காட்டும் பொருளன்று. பூட்டி வைக்கப்பட வேண்டியது அது. வீட்டில் வைக்க விரும்பாதவர் அதைப் படைக்கலச் சாலையில் ஒப்படைக்கவும் வழியுண்டு. மகன் மனம் தளர்ந்து காணப்படும் நாளில் அவ்வழியை நாடப் பெற்றோர் தயங்கலாகாது.

இளையோருக்கும் ஒரு கடன் உண்டு. நாட்டுக்காகச் சீருடை அணிந்தவனுக்கு அந்நாட்டைக் கேள்வி கேட்கும் உரிமை கூடுகின்றதே தவிரக் குறைவதில்லை. அரசுக்கு மனு அளிக்கும் உரிமையை அதே அரசியலமைப்பு வழங்குகின்றது. வாக்குச் சீட்டு கையில் உள்ளது. நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுத மொழியும் தெரியும். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் பேரவை கூடும் ஜெனிவா, அவன் காப்பதாக உறுதிபூண்ட நாட்டின் நகரம். 2021 மார்ச்சில் அப்பேரவை நிறைவேற்றிய தீர்மானம், இலங்கையில் நிகழ்ந்த குற்றங்களின் சான்றுகளைத் திரட்டிப் பேண வழிவகுத்தது. அச்சான்றுகள் கோப்புகளில் உறங்கிவிடாதிருக்கக் குரல் கொடுக்க, அகதியாக வந்த தந்தையைவிடக் குடிமகனாக வளர்ந்த மகனுக்கே வலு அதிகம்.

கிளிநொச்சி வீதியோரத்தில் ஒரு தாயின் கையில் மகனின் ஒளிப்படம். சுவிஸ் பாசறை முற்றத்தில் மற்றொரு தாயின் கையிலும் மகனின் ஒளிப்படம். இருவரும் ஒரே ஊரில் பிறந்திருக்கக் கூடும். ஒரே பள்ளியில் பயின்றிருக்கவும் கூடும். தன் மகன் சனிக்கிழமை வருவான் என்று அறிந்தவள் பெருமிதம் கொள்ளட்டும். அதற்கு அவள் எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தன் மகன் எங்கே என்று அறியாதவளுக்காக அவளும் அவள் மகனும் கேட்காவிட்டால், வேறு எவர் கேட்பர்?