கஞ்சியில் பிறந்த அறிவியல்

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்வோர்க்கும், திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சுந்தரபாண்டியத்துக் கைத்தறியாளர்க்கும் கஞ்சியின் பதம் கைவந்தது. ஆயினும் அவர்தம் மக்கள் கல்லூரியில் உயிரியல் பயிலப் புகுந்தால், அக்கஞ்சியே ‘ஸ்டார்ச் ஜெல்’ என்னும் அயற்பெயர் பூண்டு வந்து அவர்களை மருட்டுகின்றது!

1955-இல் கனடாவின் தொரான்றோ நகரில் ஆலிவர் சிமித்தீசு என்பார், மாவுப்பொருளைக் காய்ச்சி ஆறவைத்த களியில் மின்னோட்டம் செலுத்திப் புரதங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார். இவ்வழி அவர்க்கு எவ்வாறு தோன்றிற்று? இளமையில், தாய் சட்டைக்கிடக் காய்ச்சிய கஞ்சி ஆறிக் களியாய் உறைந்ததைக் கண்டிருந்தார், அந்நினைவே வழிகாட்டிற்று. (2007-இல் வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவரும் இவரே.) தாய்வீட்டுக் கஞ்சியும் தாய்மொழிச் சொல்லும் அவர் நெஞ்சில் பிரியாதிருந்தன.

1957-இல் அண்டர், மார்க்கெர்ட்டு ஆகிய இருவரும் ஒருபடி மேற்சென்றனர். பொதுச்சாயம் புரதம் அனைத்திற்கும் நிறமூட்டும். தொழில் செய்யும் நொதி எதுவெனக் காட்டாது. அவர்களோ, நொதி தன் வேலையைச் செய்தாலன்றி நிறம் தோன்றாதவாறு அமைத்தனர்.

கண்மாய் வற்றுங்கால் சேற்றில் துள்ளும் கெண்டையை இவ்வூர்ச் சிறுவர் அறிவர். உயிர்வளி போதாதபோது மீனின் தசை சருக்கரையைச் சிதைத்துப் பாற்காடி ஆக்குகின்றது. அதற்குரிய நொதியைக் காண, தசையைப் பனிக்குளிரில் அரைத்து, தெளிநீரை இறுத்து, களியின் பிளவிலிட்டு மின்னோட்டம் செலுத்துவர். பின்னர் அக்களியை, பாற்காடியும் துணைப்பொருள்களும் தெத்திரசோலியம் என்னும் வெளிர்மஞ்சள் உப்பும் கலந்த நீரில் இருளில் ஊறவைப்பர். நொதி பாற்காடியினின்று நீரகத்தைப் பிரிக்கும். அது கைமாறி அவ்வுப்பைச் சேரும். சேர்ந்த இடத்தில் ஊதாப்பட்டை படியும். பாற்காடி இடாத களியில் பட்டை தோன்றாதெனில், நிறம் அந்நொதியின் வேலையே என உறுதியாகும். கட்லாவும் உரோகுவும் கலந்து பிறந்த குஞ்சைப் புறத்தோற்றத்தால் ஐயுறுவோர்க்கும் இத்தகைய நொதிப்பட்டைகள் இருகுல மரபையும் ஒருங்கே காட்டிவிடும்.

இவ்விளக்கத்தில் தமிழுக்கு எங்கே இடர்ப்பாடு? தெத்திரசோலியத்தைத் தமிழெழுத்தில் எழுதினால் போதும். அதன் வேலையை விளக்கத் தமிழ்ச்சொல் நிறைய உண்டு. “களி, கஞ்சி, காடி என்று எழுதினால் அறிவியலின் மதிப்புக் குறையும்” என்பார் உளர். அடுக்களைச் சொற்களாம்! அவர்கள் போற்றும் ‘என்சைம்’ என்பது கிரேக்கத்தில் ‘புளிமாவுக்குள்’ எனப் பொருள்படும் அடியினின்று அமைந்தது. ‘ஜெல்’ இலத்தீனத்தில் உறைபனியைக் குறித்த சொல்வழி வந்தது. நொதித்தல் என்னும் வினையினின்று நொதி கிளைத்ததும் அவ்வாறே. கிரேக்கப் புளிமாவுக்குள்ள பெருமை தமிழ்க் காடிக்கு மட்டும் இல்லையோ?

1960-கள் தொட்டுத் தமிழ் வெளியீட்டுக் கழகமும், பின்னர்ப் பாடநூல் நிறுவனமும் கல்லூரி அறிவியல் நூல்களைத் தமிழில் அச்சிட்டுத் தந்தன. ஆய்வுக்கூடத்துச் செய்முறை ஏடோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றது. மீன்தசை நொதிக்குரிய பக்கத்தைத் தமிழில் எழுதி மாணவர் கையில் கொடுக்க, ஆசிரியர் ஒருவர்க்கு ஒரு மாலைப்பொழுது போதும்.