சத்தம் கூடினால் கேட்குமா?

கடந்த டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காளி உம்மா. பிரதிவாதி நானா. வழக்குப் பொருள், நான்கு நிமிடப் பாட்டு ஒன்று.

நானா வேலை செய்து சேர்த்த காசில் பழைய மின்கிட்டார் ஒன்றை வாங்கியிருந்தார். பேஸ் கிட்டார் கூட்டாளியிடம் இரவல். டிரம்ஸ் முழுவதும் கணினியில் கோர்த்தது. அலுமாரிக் கதவில் இரண்டு கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்துப் பாடினார். கலகெதரயில் மழை பெய்தால் தகரக் கூரையும் சேர்ந்து வாசிக்கும் என்பதால், மழை விட்ட இரவுகளில்தான் பதிவு நடந்தது. அவர் செய்தது எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்ற வகை. கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கி, டிரம்ஸை மின்னல் வேகத்தில் அடித்து, அடித்தொண்டையிலிருந்து உறுமிப் பாடும் இசை அது.

பாட்டை முதன்முதலாகக் கேட்ட உம்மா, "இது பாட்டா, மில்லுல மா அரைக்கிற சத்தமா?" என்றார். "ஒங்களுக்கு வெளங்காது உம்மா" என்று நானா கதவைச் சாத்திக்கொண்டார்.

இருவரிலும் பிழை இருந்தது என்பதே என் கருத்து. நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் பிழை என்பதால்தான் இதைச் சஞ்சிகையில் எழுதத் துணிந்தேன்.

முதலில் நானாவின் பிழை. பாட்டின் சொற்களை அவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். வாசித்துப் பார்த்தேன். 2018 மார்ச் மாதத்தைப் பற்றியது. திகன, தெல்தெனியப் பக்கம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்த நாட்கள் அவை. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு, நாட்டில் அவசரகால நிலை. எனக்கு அப்போது பத்து வயது, நானாவுக்குப் பதின்மூன்று. எங்கள் ஊரில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடக்குமோ என்ற பயத்தில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். ஏழு வருடமாக அவர் யாரிடமும் பேசாத ஒன்று அந்தக் கொப்பியில் இருந்தது. பாட்டில் அதில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? குரல் எடுபடவில்லை என்று அவர் குரலின் சத்தத்தைக் கூட்டியிருந்தார். உடனே கிட்டார் மெலிந்தது போலத் தோன்றியது, அதையும் கூட்டினார். பிறகு டிரம்ஸ், பிறகு மீண்டும் குரல். கணினிப் பதிவில் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. அதைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு எல்லாமே கரகரக்கும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை அவர் வீரம் என்று நினைத்தார்.

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். பத்து டெசிபெல் கூடினால் ஒலிச் செறிவு பத்து மடங்காகும் என்று கணக்குச் செய்கிறோம். அந்தக் கணக்கு சொல்லித் தராத ஒன்றை இந்தப் பாட்டில் கற்றேன். ஒரே மீடிறன் பகுதியில் இரண்டு ஒலிகள் மோதினால், பெரியது சிறியதை மறைத்துவிடும். அப்போது சிறியதைக் கூட்டுவது தீர்வல்ல. பெரியதைக் கொஞ்சம் நகரச் சொல்ல வேண்டும்.

அதைத்தான் மூன்று வாரம் மாலைகளில் இருவரும் செய்தோம். எல்லாவற்றையும் முதலில் தாழ்த்தினோம். கிட்டாரில் ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை வெட்டினோம். தனியாகக் கேட்டால் கிட்டார் மெலிந்துதான் போனது. ஆனால் அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் பெரிய டிரம்முக்கும் உரியது. அவை வந்து உட்கார்ந்ததும் கிட்டாரே கனத்துவிட்டது போலக் கேட்டது. பெரிய டிரம்மின் அடி வேகமாக விழும்போது சேறு மிதிப்பது போல இருந்தது. அதன் நடுப்பகுதியில் கொஞ்சம் குறைத்து, மூவாயிரம் நாலாயிரம் ஹேர்ட்ஸ் பக்கம் இருக்கும் 'டிக்' என்ற ஓசையைச் சற்று எடுப்பாக்கியதும் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக எண்ணக் கிடைத்தது.

கிட்டாரின் கரகரப்பையும் குறைக்கச் சொன்னேன். நானா சண்டைக்கு வந்தார். பாதியாகக் குறைத்து, ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் அனுப்பினோம். நடுவில் வாசல் திறந்தது போல இருந்தது. அந்த வாசலால் குரல் உள்ளே வந்தது.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றினோம். சத்தத்தைக் கூட்டிக் கேட்டால் எந்தக் கலவையும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். சத்தத்தின் அளவுக்கேற்ப மனிதக் காது தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் வேறுவேறாக உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே, பக்கத்தில் ஒருவர் மெதுவாகப் பேசினால் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்தே வேலை செய்தோம். அந்த அளவில் சொல் விளங்கினால் எந்த அளவிலும் விளங்கும். கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியிலும் போட்டுப் பார்த்தோம். காது களைத்ததும் நிறுத்தி, மறுநாள் புதிதாகக் கேட்டோம்.

இது அனுபவமில்லாத ஒரு பிள்ளையின் பிழை மட்டுமல்ல. உலகப் புகழ் பெற்ற மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' இசைத்தொகுப்பு 2008இல் வந்தபோது, சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியதால் ஒலி நொறுங்கிவிட்டது என்று இரசிகர்களே முறைப்பாடு செய்தார்கள். அதே பாடல்கள் ஒரு கணினி விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் வந்திருந்தன. அதுவே தெளிவாக இருக்கிறது என்றார்கள். காசும் கலையகமும் இருந்தாலும் இடம் விடத் தெரியாவிட்டால் இதுதான் கதி.

இனி உம்மாவின் பிழை. அதாவது பெற்றோரின் பிழை. 'இரைச்சல்' என்ற ஒரே சொல்லில் நாம் பல விடயங்களை மூடிவிடுகிறோம். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் காருட் பகுதிக் கிராமம் ஒன்றில், மர்ஸ்யா, விதி, சித்தி என்ற மூன்று மாணவிகள் 2014இல் ஒரு மெட்டல் குழு தொடங்கினார்கள். மூவரும் ஹிஜாப் அணிபவர்கள். அந்த இசையை அவர்களுக்கு அறிமுகம் செய்தவர் அவர்களுடைய பாடசாலை ஆசிரியர் ஒருவர். ஊரில் ஏச்சும் மிரட்டலும் வந்தன. குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'வொய்ஸ் ஒஃப் பாசெப்ரொட்'. பாசெப்ரொட் என்றால் அவர்களுடைய சுண்டா மொழியில் இரைச்சல் என்றே பொருள். ஊர் சொல்லக்கூடிய சொல்லைத் தாங்களே பெயராக்கிக் கொண்டார்கள். 2022இல் ஜேர்மனியின் வாக்கன் விழாவிலும், 2024 ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவிலும் வாசித்தார்கள். கிளாஸ்டன்பரி மேடையேறிய முதல் இந்தோனேசியக் குழு அவர்கள்தான். அவர்களுடைய பாடல்கள் பாடசாலையைப் பற்றியும், பெண்ணின் உடல் பொதுச் சொத்தல்ல என்பதைப் பற்றியும் பேசுகின்றன. இரைச்சல் என்று கதவைச் சாத்தியவர்களுக்கு இது எதுவும் கேட்டிருக்காது.

நான் சொல்வதைப் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். வாத்தியம் கூடுமா, கூடாதா என்பது மார்க்கம் அறிந்தவர்கள் பேச வேண்டிய விடயம். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எல்லோரும் மெட்டல் கேளுங்கள் என்றும் சொல்லவில்லை. எனக்கே ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் தாங்காது. காதைப் பாதுகாப்பதும் கடமைதான். எண்பது டெசிபெல் என்றால் வாரத்துக்கு நாற்பது மணித்தியாலம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். படிப்பு நேரத்தில் இதற்கு இடமில்லை என்று ஒரு பெற்றோர் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் மறுப்பதென்றாலும் கேட்டுவிட்டு மறுங்கள். கேட்காமல் மறுத்தால் பிள்ளை இன்னும் சத்தத்தைக் கூட்டும். நானா செய்தது அதைத்தான்.

சகோதரிகளே, நமக்கும் இதில் பாடம் உண்டு. விழாக்களில் நம் கஸீதாவையும் குழுப் பாடலையும் கீபோர்ட் ஒலி விழுங்கிவிடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்? "மைக்கைக் கூட்டுங்க" என்று கையைக் காட்டுவோம். மைக் கூவும். யாரும் "கீபோர்டைக் குறையுங்க" என்று சொல்வதில்லை. ஒலியை ஒழுங்குபடுத்தும் மேசைக்குப் பக்கத்தில் நம்மில் ஒருத்திகூடப் போவதுமில்லை. சிறு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் உரிமையைக் கொடுத்து ஓதப் பழகியவர்கள் நாம். 'ஸீன்' எது, 'ஸாத்' எது என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியும் காது நமக்கு இருக்கிறது. அந்தக் காதை இன்னொரு தொழிற்கல்விக்கும் ஏன் பயன்படுத்தக் கூடாது?

ஜனவரியில் ஒரு நாள், திருத்திய பாட்டை உம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். மெதுவாகத்தான் வைத்தோம். உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். விளக்கை அணைத்ததைப் பற்றிய வரி வந்தபோது கை நின்றது. பாட்டு முடியும் வரை ஒன்றும் பேசவில்லை.

"அண்டைக்கு லைட்ட ஓஃப் பண்ணினது நான்தான்" என்றார் பிறகு. "நீங்க தூங்கிட்டீங்கண்டு நெனச்சேன்."

"இல்ல உம்மா. முழிச்சிட்டுத்தான் இருந்தேன்" என்றார் நானா.

ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த இரவைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்ட முதல் வார்த்தைகள் அவை. பேச்சு அசர் பாங்கு சொல்லும் வரை நீண்டது. எழும்பிப் போகும்போது உம்மா, "சத்தம் எனக்கு இன்னும் புடிக்கல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அது அவருடைய உரிமை.

பெற்றோரே, பிள்ளை கத்தும்போது கதவைச் சாத்த முன் ஒரு தடவை சொல்லைத் தேடிப் பாருங்கள். சகோதரிகளே, கேட்கவில்லை என்றால் கூட்டாதீர்கள். எதைக் குறைத்தால் கேட்கும் என்று பாருங்கள்.