திரும்பி வராதவர்களுக்கும் ஒரு விளக்கு

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவன் நான். கடல் வணிக வரலாற்றைப் படிக்கிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “ஒடிசாவில் பழைய கடலோடி வணிகர்களுக்கு ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். அவர்களுக்குச் சற்றும் குறையாத கடல் வரலாறுடைய நமக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை?” விழிஞ்ஞத்தில் புதிய துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்ட பிறகு இக்கேள்வியை இன்னும் அடிக்கடி எதிர்கொள்கிறேன். இதற்கு ஒற்றை வரியில் விடை கூற இயலாது. சற்று நீண்ட பதிவு. நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில், நாம் பொறாமையோடு நோக்கும் அந்த விழாவைப் பார்ப்போம். கட்டாக் நகரில், பாராபட்டிக் கோட்டையை அடுத்த மகாநதிக் கரையில், கார்த்திகைப் பௌர்ணமியன்று தொடங்கிப் பல நாட்கள் நடப்பது பாலி யாத்திரை. சாதபர் எனப்படும் பழைய கலிங்க வணிகர்கள் பருவக்காற்றை எதிர்நோக்கிப் பாலி, சாவகம், சுமத்திரா முதலிய தீவுகளுக்குப் புறப்பட்ட நாளை இது நினைவுகூர்கிறது என்பது மரபு. கடைகளும் தின்பண்டங்களும் கூத்தும் நிறைந்த பெருஞ்சந்தையாகத்தான் வெளியூரார் இதனை அறிவர். ஆனால் விழாவின் உயிர் சந்தையில் இல்லை. அன்று விடியுமுன் ஒடிசா முழுவதிலும் மக்கள் ஆற்றுக்கும் குளத்துக்கும் செல்கிறார்கள். வாழைப்பட்டையிலும் நெட்டியிலும் காகிதத்திலும் செய்த சிறு படகில் விளக்கேற்றி, வெற்றிலையும் பாக்கும் வைத்து நீரில் விடுகிறார்கள். அதற்குப் போயித்த வந்தனம், அதாவது மரக்கல வழிபாடு, என்று பெயர்.

இவ்விழாவின் தோற்றம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒடியா மொழியில் ‘பாலி’ என்பது மணலையும் குறிக்கும். எனவே இது மணற்பரப்பில் கூடும் திருவிழா என்பாரும் உளர். சைதன்யர் பூரிக்குச் செல்லும் வழியில் இந்நாளில் கட்டாக்கின் ஆற்றுத்துறையில் வந்து இறங்கியதோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். வரலாற்று மாணவருக்கு இது குறையன்று. விழா என்பது ஆவணம் அன்று; பல நினைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த வண்டல். எந்த நினைவு அடியில் கிடக்கிறது என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

அதற்கு ஒடிசாவின் தாபோய் கதை உதவுகிறது. ஏழு அண்ணன்மாரும் மரக்கலம் ஏறி வாணிபத்துக்குப் போய்விட, வீட்டில் அண்ணிமாரின் கொடுமைக்கு ஆளாகி, ஆடு மேய்த்து, மங்களா தேவியை வேண்டிக் காத்திருந்த வணிகர்குலச் சிறுமி அவள். அண்ணன்மார் திரும்பி வந்ததும் அவள் துயர் தீர்ந்தது. ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும் குதுருகுணி நோன்பில் இளம்பெண்கள் இக்கதையை இன்றும் படிக்கிறார்கள். கப்பல்களின் எண்ணிக்கையும் சரக்கின் மதிப்பும் இக்கதைக்குப் பொருளல்ல. கரையில் விடப்பட்ட ஒருத்தியின் நாட்களே இதன் பொருள். கார்த்திகை விடியலில் மிதக்கும் சிறு படகையும் நான் அவ்வாறே வாசிக்கிறேன். போனவர்களைவிட, வழியனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்கள் கட்டிய விழா அது.

இன்று அந்த விழாவுக்குள் வேறொரு நினைவும் புகுந்திருக்கிறது. அது அரசின் நினைவு, பெருமையின் நினைவு. 2022ஆம் ஆண்டு விழாவில் மாணவர்கள் 20,000க்கும் மேற்பட்ட காகிதப் படகுகளை மடித்து உலகச் சாதனை படைத்தார்கள். அதே நவம்பரில் பாலித் தீவில் ஜி-20 மாநாட்டுக்குச் சென்ற இந்தியப் பிரதமர், அங்குள்ள இந்தியரிடையே பேசுகையில் இவ்விழாவைக் குறிப்பிட்டார். இவற்றில் தவறேதும் இல்லை. ஆயினும் வீட்டு வாசலில் பிறந்த நினைவை மேடையின் நினைவு மெல்ல விழுங்கிவிடக்கூடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. நாம் பின்பற்ற விரும்பினால், இரண்டில் எதைப் பின்பற்றப்போகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. சுமத்திராவின் பாருஸ் அருகே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினருடையது. கப்பல் தலைவனான மரக்கலநாயனும் கேவிகள் எனப்படும் கப்பல் ஆட்களும் பொன்னாகச் செலுத்த வேண்டிய தொகையைப் பற்றி அது பேசுகிறது. தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைக்கிறது. சீனத்தின் சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பாலித் தீவின் வடகரையில் உள்ள செம்பிரான் அகழாய்வில் வெளிப்பட்ட ரூலெட் பானை ஓடுகள் அரிக்கமேட்டு ஓடுகளை ஒத்தவை. ஆக, ஒடிசா விழா எடுக்கும் அதே தீவின் மண்ணுக்குள் நம் கடற்கரையின் தடமும் இருக்கிறது.

பெயர்களும் இதையே சொல்கின்றன. கலிங்கத்திலிருந்து பிறந்த ‘கெலிங்’ என்ற மலாய்ச் சொல், மலாக்காவில் காலப்போக்கில் பெரும்பாலும் தமிழரையே குறித்தது. இன்று அது அங்கே இழிசொல்லாகவும் ஒலிக்கிறது. ஒரு நாட்டின் பெயரால் வேறொரு நாட்டாரை அழைத்த அந்தத் துறைமுகத்தில், நாம் இன்று வகுத்திருக்கும் மாநில எல்லைகளை எவரும் அறிந்திருக்கவில்லை.

எங்கள் எல்லையோர ஊர்களுக்கு இது வெறும் அறிவுச் செய்தி அன்று. பர்மாவின் பகான் நகரில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. நானாதேசி விண்ணகரம் என்ற திருமால் கோயிலுக்கு ஒரு மண்டபம் கொடுத்த குலசேகர நம்பியை அது பதிவு செய்கிறது. அவர் மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்தவர். அதாவது இன்றைய கேரளக் கடற்கரையின் மைந்தர். கல்வெட்டின் மொழியோ தமிழ். இவரை யார் உரிமை கொண்டாடுவது? கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849இல் வழங்கப்பட்ட செப்பேடுகளையும் இப்படித்தான் இரு தரப்பிலும் இழுக்கிறோம். ஒரு வகுப்பறையில் அவை பழைய மலையாளத்தின் தொடக்கம்; சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வகுப்பறையில் அவை வட்டெழுத்தில் எழுதப்பட்ட தமிழ்.

இந்த இழுபறிக்கு ஒரு தேதி உண்டு. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து குமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அந்தப் போராட்டத்தின் நியாயங்களையும் தியாகங்களையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1956இன் கோட்டை 849க்கும் 1088க்கும் பின்னோக்கி நீட்டுவது வரலாறு ஆகாது. அந்த வணிகர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து பாகம் பிரிக்கத்தக்கதன்று.

ஆகவே, நமக்கு இல்லாதது சான்று அன்று; சான்றை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் வழக்கம். இலக்கியத்தில் அதற்கான விதை இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் ஆதிரையை எண்ணிப் பாருங்கள். கணவன் சாதுவன் சென்ற மரக்கலம் கவிழ்ந்தது. அவன் இறந்தான் என்று கேட்டுத் தீப்புக முனைந்தவள் அவள். தீ அவளைச் சுடவில்லை. நாகர் தீவில் கரையேறிய சாதுவன் பின்னர் திரும்பி வந்தான். மணிமேகலையின் அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவளும் ஆதிரையே. கடல் கொடுத்த துயரை அறிந்த ஒருத்தியின் கையிலிருந்தே உலகின் பசி தீர்க்கும் பாத்திரம் நிறையத் தொடங்குகிறது. தாபோயின் உடன்பிறப்பு அல்லவா இவள்! ஒடிசாவில் தாபோய் நோன்பாகவும் வீட்டு வழக்கமாகவும் நிலைத்தாள். நம்மிடையே ஆதிரை தேர்வு வினாவாக நின்றுவிட்டாள்.

எங்கள் கரையில் காத்திருப்பு பழங்கதையன்று என்பதே என் வாதத்தின் மையம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, திருவனந்தபுரம், குமரி மாவட்டங்களின் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் தூத்தூரிலும் வள்ளவிளையிலும் பெண்கள் கடலைப் பார்த்து நின்றார்கள். அதே வாரத்தில்தான் திருக்கார்த்திகை வந்தது. நாம் வாசல்களில் விளக்கேற்றினோம். கடற்கரைக்கும் எங்கள் உள்நாட்டு ஊர்களுக்கும் உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான். அந்த விளக்குகளுள் ஒன்றையேனும் கடலை நோக்கித் திருப்பி வைக்க நமக்குத் தோன்றவில்லை. பழைய வணிகருக்கு விழா இல்லையே என்று வருந்தும் நாம், அவர்களை ஏற்றிச் சென்ற தொழிலின் இன்றைய வாரிசுகளை நினைத்தோமா?

ஐந்நூற்றுவரின் பெயரைக் கல் காத்தது. கேவிகளைத் தொழிற்பெயராக மட்டுமே கல் குறித்தது. அவர்களுள் யார் எங்கே மூழ்கினார் என்பதை எதுவும் குறிக்கவில்லை. வணிகரின் பெருமையை மட்டும் கொண்டாடும் விழா, கல்வெட்டின் அந்த மௌனத்தை நீட்டிப்பதாகவே முடியும்.

ஆகவே என் விடை இது: விழா வேண்டும், ஆனால் அது புறப்பட்டவர்களின் வெற்றி விழாவாக இருத்தலாகாது. போனவர்களுக்கும் திரும்பாதவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் உரிய நினைவு நாளாக இருக்க வேண்டும். அகத்திய மலையில் பிறந்து நெய்யாற்றின்கரை வழியே ஓடும் நெய்யாறு, பூவாற்றில் கடலோடு கலக்கிறது. அந்தப் பொழிமுகமே இதற்கு இயல்பான இடம். எல்லைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் உள்ளோர் எளிதில் வந்து கூடலாம்.

அந்தக் கூட்டம் ஒரு சமயத்துக்கு உரியதாகவும் ஆகிவிடக் கூடாது. எங்கள் கடற்கரையில் மீன்பிடிப்போருள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பூவாற்றில் இசுலாமியர் பலர் வாழ்கின்றனர். வரலாறு இதற்குத் துணை நிற்கிறது. தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒரு கிறித்தவப் பள்ளிக்கு வேணாட்டுத் தலைவர் அளித்த உரிமை. அதைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களுக்கு உரியது. அதில் சான்றொப்பமிட்டோரின் கையெழுத்துகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. கடலை நம்பி வாழ்ந்தோரின் உலகம் அன்றே அவ்வளவு விரிந்திருந்தது. நீரில் விடும் விளக்கு ஒருவருக்கு வழிபாடாகவும் மற்றொருவருக்கு வெறும் நினைவாகவும் இருக்கட்டும்.

இதனை ‘செயற்கை மரபு’ என்று ஆய்வுலக நண்பர்கள் சிலர் கூறக்கூடும். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூலுக்குப் பிறகு, பழமை என்று காட்டப்படும் பல சடங்குகள் அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்டவை என்பதை நாம் அனைவரும் கற்றிருக்கிறோம். அந்த எச்சரிக்கை சரியானது. ஆனால் அங்கே குற்றம் புதிதாகத் தொடங்குவதன்று. புதியதைப் பழையது என்று பொய்யுரைப்பதே. இது பழைய விழா என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டு, இன்ன காரணத்துக்காகத் தொடங்கினோம் என்று வெளிப்படையாகவே எழுதி வைக்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. ஆற்றையே பகிர்ந்துகொள்ள முடியாதவர்கள் ஆற்றங்கரையில் எப்படி விழா எடுப்பது? நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நீர் 2004இல் நின்றது. இரு மாநிலங்களுக்கும் இடையே வழக்காகவும் ஆயிற்று. இதற்கு விழா தீர்வாகாது என்பதை அறிவேன். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஆற்றின் முகத்தில் கூடி நின்று இறந்தோரை எண்ணியவர்கள், அதே ஆற்றின் நீரைப் பற்றிப் பேசும்போது சற்று வேறு குரலில் பேசக்கூடும் என்று நம்புகிறேன்.

பெரிய ஏற்பாடு எதையும் நான் கோரவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் பகான் கல்வெட்டையும் தரிசாப்பள்ளிச் செப்பேட்டையும் படியெடுத்து, இரு மொழி விளக்கத்தோடு எல்லையின் இரு பக்கப் பள்ளிகளிலும் வைக்கலாம். கடற்கரை ஊர்களின் மூத்த பெண்களிடம் அவர்களுடைய காத்திருப்பைக் கேட்டுப் பதிவு செய்யலாம். அதன்பின் வரும் கார்த்திகை விடியலில், வாழைப்பட்டைப் படகில் ஒரு விளக்கு. மேடையும் வேண்டாம், சாதனைப் பதிவும் வேண்டாம். விழா வளர்ந்தால் வளரட்டும். கடைகளும் சந்தையும் தாமே வந்து சேரும்.

மாற்றுக்கருத்துகளை, குறிப்பாகக் கடற்கரையிலிருந்து வரும் கருத்துகளை, ஆவலோடு எதிர்நோக்குகிறேன். உள்நாட்டில் இருந்துகொண்டு எழுதுபவன் நான். காத்திருந்து பழகியவர்கள் வேண்டாமென்று சொன்னால், முதலில் அதைக் கேட்பதுதான் முறை.